அறுபத்தொண்ணு

காலண்டர் பார்த்து எண்ணவில்லை நான்.
ரப்பருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு;
முப்பது வெட்டு விழுந்தால் அறுபது நாள்
என்று கணக்கு.

புகைக்கூட்டில் நாற்பது ஷீட் காணவில்லையென்று
றசலையனைக் குலசேகரத்தில் வைத்துப் பிடித்தது
ஐப்பசி மழை தொடங்கிய அன்று.
மழைக்கு வெட்டு கிடையாது.
பட்டையில் இருபத்திரண்டே கோடு ஆனபோது
வக்கீல் பிறைட் போன் செய்தார்:
"நாளைக்கு அறுபத்தொண்ணு.
குற்றப்பத்திரிகை இன்னும் வரல்ல.
காலையிலேயே வந்திருங்க,
அவங்க முந்தினா போச்சு.
நாம கேக்காம இது கிடைக்காது."

மழை நாளையும் சட்டம்
எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பத்மநாபபுரம் கோர்ட்டில்
மனுவின்மேல் முத்திரை விழும்போது பத்து நாற்பது.
என் விரலில் ஆசிட் வாடை போகவில்லை.

மூன்று மணிக்கு ஏட்டு ஓடி வந்தார்.
தான் நனைந்து,
கட்டை மட்டும் பிளாஸ்டிக்கில் பொதிந்து.
"இன்னைக்கே கொண்டு வந்தாச்சு ஐயா."
மாஜிஸ்திரேட் நிமிராமல் கேட்டார்:
"நேற்று எங்கே இருந்தது?"

அவன் எடுத்தானா என்று
அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.
நாகர்கோவில் ஜெயிலில்
கம்பிவலைக்கு இப்புறம் நின்று
நானும் கேட்டதில்லை.

ஜாமீனுக்கு இரண்டு ஆள் வேண்டும்,
கரம் தீர்த்த ரசீதோடு.
ஓராள் கிடைத்தார்.
மற்றவர், மாடு கறக்கணும்,
நாளைக்கு வாறேன் என்றார்.

அறுபத்திரண்டு.

கத்தியைத் தீட்டி
கதவிடுக்கில் வைத்தேன்.
விடிய மழை இல்லையென்றால்
வெட்டு உண்டு.