பட்டியலில் இல்லாதவை

மழை வந்தால் பைசாண்டுவில் மாவு பிசைவார்கள்.
ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம்.
மழைத்தண்ணீரில் மாவு மிருதுவாகும் என்பார் ஒருவர்,
கடைவரை நனைய யாருக்கு மனசு வரும் என்பார் இன்னொருவர்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
முதல் தூறலிலேயே தெரு முழுக்கக்
கொழுப்பு உருகும் வாசனை.

அன்றைக்கும் மழை.
லாரி பதினொரு மணிக்கு என்றவர்கள்
ஆற்றோரச் சாலையில் தண்ணீர் என்றார்கள்,
மூன்று ஆகலாம் என்றார்கள்.
வில்மார் கூடத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.
நான் சமையலறையில் நின்றிருந்தேன்.
பதினாறு வருடத்தை நான்கு பக்கத்தில் எழுதிக்
கையெழுத்தும் போட்டாயிற்று.
குளிர்பெட்டி எனக்கு, சலவை இயந்திரம் அவனுக்கு.
ஆறு நாற்காலியில் மூன்று மூன்று.
அவன் பங்கில் ஒன்று ஆடும்;
அதற்கும் தனியாக ஒரு சண்டை நடந்தது.

பட்டியலில் ஏறாதவை அலமாரியில் இருந்தன.
வாய் மடித்த மாவுப் பொட்டலம்,
முக்கால் கிலோ இருக்கும்.
ஈரத்தில் கட்டிப்போன உப்பு.
ஒரு குவளையில் அடிச் சர்க்கரை.
டப்பாவின் அடியில் மாட்டுக்கொழுப்பு,
வெள்ளையாக, விரல் தடத்தோடு.
கொழுப்பு உனக்கு என்று
எத்தனையோ முறை அவனைத் திட்டியிருக்கிறேன்.
இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பசிக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
"வாணலி எந்தப் பெட்டியில்?" என்றேன்.
"உன்னுடையதில்."
கொஞ்சம் கழித்து,
"இல்லை, என்னுடையதில்."
சாவியால் ஒட்டுநாடாவைக் கிழிக்கும் சத்தம்.

கிண்ணம் கிடைக்கவில்லை.
கல்மேடையிலேயே மாவைக் குவித்துக்
குழி பறித்துக் கொழுப்பைப் போட்டு
மணல் மணலாய் உதிரும்வரை தேய்த்தேன்.
தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டோம் காலையில்.
அவன் மாத்தே குடிக்க வைத்திருந்த பிளாஸ்கைத்
திறந்து நீட்டினான்.
உப்பை அதில் கரைத்துக்
கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தேன்.
பிசைந்த மாவு இருபது நிமிடம் ஊற வேண்டும்.
இருபது நிமிடம்
பேச ஒன்றுமில்லாத இரண்டு பேருக்கு
மிகவும் நீளம்.

உருட்டுக்கட்டை அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.
காலி ஒயின் பாட்டிலால் நான் தேய்க்க,
அவன் ஒவ்வொன்றின் நடுவிலும்
விரலால் ஓட்டை போட்டு
வாணலியில் இறக்கினான்.
ஓரம் பொன்னிறமாகும்போது
முள்கரண்டியை ஓட்டையில் மாட்டித்
திருப்பினான், ஒரு சொட்டும் தெறிக்காமல்.

நான் கை நிறுத்திவிட்டேன்.
இந்த வீட்டில் அவன் முட்டை உடைத்ததில்லை.

"இது எப்படித் தெரியும்?"
"பாலத்துச் சுங்கச்சாவடியில்
ராத்திரி வேலைக்கு நான்தான் போடுவேன்."
"பன்னிரண்டு வருடமாகவா?"
"மழை பெய்தால்."

கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது பசி.

தட்டுகள் செய்தித்தாளில் சுருண்டு
பெட்டிக்குள் தூங்கின.
கைக்குக் கிடைத்தது பட்டியலின் நகல்.
அதன்மேல் அடுக்கினோம்.
எண்ணெய் ஊறி மூன்றாம் பக்கம் தெரிந்தது,
அதற்கடியில் நான்காம் பக்கமும் தெரிந்தது,
இஸ்திரிப் பெட்டியும் போர்வைகளும்
ஒன்றின்மேல் ஒன்றாக, யாருடையது என்று
படிக்க முடியாமல்.
அவன் சர்க்கரை தூவிக்கொண்டான்.
நான் வெறுமனே தின்றேன்.
அதில் நாங்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

மூன்றரைக்கு லாரி வந்தது.
ஓட்டுநர் எவெர், கூட நனைந்த ஒரு பையன்.
வாசனை பிடித்துக்கொண்டே படியேறினார்கள்.
நின்றபடியே ஆளுக்கு நாலு.
பையன் விரலை நக்கிவிட்டு
ஆடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒரு மணி நேரத்தில் வீடு எதிரொலிக்க ஆரம்பித்தது.
அடுப்பில் வாணலி மட்டும்,
பாதிக் கொழுப்போடு.
இது எந்த வீட்டுக்கு என்று
எவெர் கை நீட்டினான்.

"தொடாதே, சூடு" என்றோம்,
இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.