வராதவர்களின் பெயரட்டைகள்

வரலாற்றுத் துறை அலாஸ்டேர்
முதல் நாளே கேட்டார்:
"நாற்காலி போடுவதற்கெல்லாமா பட்டப்படிப்பு?"
ஆமாம் என்றேன்.
ஒரு நாற்காலிக்கும் அடுத்ததற்கும் நடுவே
எத்தனை அங்குலம் விட்டால்
பகையாளிகள் இருவர் பேச்சைத் தொடங்குவார்கள் என்று
உங்கள் போர்களில் யாராவது அளந்ததுண்டா?

அப்படியெல்லாம் சொல்லவில்லை.
சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டேன்.
அந்தப் பதில் தோன்றியது பதினோரு ஆண்டு கழித்து,
டொரி துறைமுகம் போகும் பேருந்தில்.

அபர்டீனில் எண்ணெய் விலை விழுந்த ஆண்டு
மாநாட்டு மண்டப வாசலில்
அகர வரிசையில் அடுக்கிய பெயரட்டைகளில்
நானூற்றுப் பன்னிரண்டு
சாயங்காலம்வரை மேசையிலேயே கிடந்தன.
குப்பைப் பையோடு வந்த காவலாளியிடம்
நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
அதுதான் என் முனைவர் பட்டம்.
நான்கு ஷூ பெட்டிகள்.
ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன்:
ஏன் வரவில்லை?

வேலை போயிற்று என்றவர்கள் பாதிப்பேர்.
ஒருவர் வந்திருக்கிறார், கார் நிறுத்துமிடம்வரைக்கும்.
கண்ணாடிக் கதவுக்குள்
பழைய மேலாளர் கைகுலுக்கிக்கொண்டு நிற்க,
அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார்.
ஒருவர் இறந்துபோயிருந்தார்.
அட்டையில் பெயரைப் பிழையில்லாமல் அடித்திருந்தார்களா
என்று கேட்டார் மனைவி.
பிழையில்லை என்றேன்.
ஓர் எழுத்து குறைந்திருந்தது.
அட்டவணை ஆறில்
"பிற காரணங்கள்" என்ற வரியில் இருக்கிறார்.

பிறகு கற்பித்தேன், இருபத்தாறு ஆண்டு.
தீ வைத்தால் தப்பும் வழியை முதல் வகுப்பிலும்
கழிப்பறை வரிசையின் கணக்கை இரண்டாம் வகுப்பிலும்.
பேச்சாளரை நம்பு,
அவர் ஒலிவாங்கியின் பேட்டரியை நம்பாதே.
காப்பி தீர்ந்தால் கருத்தும் தீரும்.

மாநாடுகளைப் பற்றிய மாநாடு ஒன்றுக்கு
கிராஸ் நகரம் போனேன்.
ப்ரொஜெக்டர் எரியவில்லை.
அறுபது நிபுணர்கள்
ஒரு கேபிளைப் பார்த்தபடி நின்றோம்.

இறுதியாண்டில் நிஜமான நிகழ்வொன்று நடத்த வேண்டும்.
ஃபேஷன் காட்சி, வினாடி வினா,
நாய்களுக்கான ஓட்டப்பந்தயம் என்று வந்த விண்ணப்பங்களுக்கிடையே
ஃபிரேசர்பராவின் ரூரி பக்கன்
தன் அப்பாவின் இறுதிச் சடங்கை எழுதியிருந்தான்.
அவகாசம் தருகிறேன், வேறொன்று செய் என்றேன்.
"எப்படியும் இதை நான்தானே நடத்தப்போகிறேன்."

நோக்கம்: (காலி)
எதிர்பார்க்கும் வருகை: நாற்பது.
அபாயங்கள்: ஈரப் படிகள்; டூகி சித்தப்பாவும் சாண்டி சித்தப்பாவும்.
தவிர்க்கும் வழி: உப்பு தூவுதல்; தனித்தனி மேசை.

வந்தவர்கள் இருநூற்று முப்பது.
படகுகளை விட்டுவிட்டு வந்தவர்கள்,
மழையில், தேவாலயக் கூடத்துக்கு வெளியே.
ரூரி ஓடவில்லை, கத்தவில்லை.
பக்கவாட்டுக் கதவைத் திறந்தான்.
மீன் ஏலக் கூடத்திலிருந்து பெட்டிகள் வந்தன,
கவிழ்த்துப்போட்டால் இருக்கை.
அதுவும் போதாமல்
சித்தப்பாக்கள் இருவரும் ஒரே பெட்டியில்.
பேசிக்கொள்ளவில்லை.
ஒருவர் கோட்டுப் பொத்தான் போடும்வரை
அவருடைய சாண்ட்விச்சை
மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

வருகைக் கணிப்பில் ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.
குறைக்கத்தான் வேண்டும், கணிப்பு கணிப்புதான்.
பங்கேற்பாளர் கருத்துப் படிவங்கள் எங்கே என்று
வெளித் தேர்வாளர் கேட்டு எழுதினார்.
தபாலில் தொலைந்தன என்று பதில் போட்டேன்.
என் பணிக்காலத்தில் சொன்ன இரண்டாவது பொய்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடைதரும் விழா.
பதிவுசெய்தவர்கள் எண்பத்தொன்பது பேர்.
பதின்மூன்று பேர் வரமாட்டார்கள்.
நான் எழுதிய சூத்திரம்தான்.
அலாஸ்டேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
கொஞ்சம் முன்னதாகவே வந்து
நாற்காலி போட்டுத் தரட்டுமா என்றும்.

ஐந்தரைக்கு வாருங்கள் என்று எழுதினேன்.
அளவு நாடா என்னிடம் இருக்கிறது.