ஓடுபாதையில் நாலு முட்டை

செட்டிநாட்டு ரயிலடி தாண்டி
சண்டைக்காலத்து விமானத் தளம்.
சிமெண்டைப் பெயர்த்துவிட்டு
உசிலும் காரையும் நட உத்தரவு.
பன்னிரண்டு நாள் வாடகை, டீசல் தனி.

நாலாம் நாள் காலை
சேவுகன் ஜேசிபியை அணைத்துவிட்டு இறங்கினான்.
வெடிப்பில், சரளையோடு சரளையாய்
நாலு முட்டை.
தலைக்கு மேலே ஆட்காட்டி
யார் யார் யாரென்று சுற்றுகிறது.
காவல் கூண்டு இடிந்து எத்தனையோ வருஷம்;
பாரா மாற்ற
யாரும் வரவில்லை போலும்.

ரேஞ்சரம்மா வந்தார், குனிந்தார்,
வரைபடத்தில் பென்சிலால் ஒரு வட்டம்.
"இந்தத் துண்டு இப்படியே கிடக்கட்டும்."

இப்போது சுற்றிலும் உசில், ஆள் உயரம்.
நடுவில் நாற்பதடி சிமெண்ட்
வெறுமனே வெயில் காய்கிறது.
எது இறங்க இந்த இடம் என்று கேட்டால்
சேவுகன் உதட்டில் விரல் வைப்பான்.

அதற்குள்
கத்திவிடும் அது.