மேற்படி

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில்
பாத்திரக் கடை மேல்மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு மின்விசிறி,
கோலாலம்பூரிலிருந்து மிஸ் ஓங் அனுப்பும்
காப்புரிமைக் கோரிக்கைகள்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி.
எங்கே தெளிவில்லை என்று குறித்தனுப்ப வேண்டும்.

இன்றைக்கு ஒளித்தட்டு.
கோரிக்கை ஒன்று:
சுருளாய் ஓடும் பள்ளம்,
அதன் ஆழம் ஒளியலையின் நீளத்தில்
'ஏறத்தாழ' ஆறில் ஒரு பங்கு.
ஏறத்தாழ என்றால் எதுவரை?
மயிர் பிளக்கிறேன் என்பார்கள்.
மயிரை நூறாய்ப் பிளந்தாலும்
அந்தப் பள்ளத்தில் இறங்காது.

என் தம்பி வீரசேனனுக்கு ஏறத்தாழ கிடையாது.
செம்பனை ஆலையில் குலை தரம் பார்க்கிறான்.
பத்துக் காய் உதிர்ந்திருந்தால் பழம்
ஒன்பதென்றால் காய்
லோரிக்காரன் கத்தினாலும் காய்தான்.
அவன் எல்லைக்கோடு
சப்பாத்துக்குக் கீழே சிவப்பாய் நசுங்கிக் கிடக்கும்.

கோரிக்கை நான்கு:
'மேற்படி பிரதிபலிப்புப் படலத்தின் மீது...'
மேலே போய்ப் பார்த்தேன். மூன்று. இரண்டு. ஒன்று.
படலமே இல்லை.
யாரும் அழைத்து வராத விருந்தாளி
நடுவீட்டில் உட்கார்ந்து கோப்பி கேட்கிறது.
சிவப்பு மையில் வட்டமிட்டேன்:
எந்தப் படலம்?

மூன்று மணி மழையோடு
படியேறி வந்தார் குணவதி அக்கா,
ரொட்டிப் பொட்டலத் தாளில் சுற்றிய கடிதத்துடன்.
தோட்டத்து ஆபீஸ். மலாய்.
'மேற்படி குடியிருப்பாளர் மேற்படி வீட்டை
முப்பது நாளில்...'
பழக்கத்தில் கண் மேலே போனது.
கம்பெனி முத்திரை இருந்தது, தேதி இருந்தது.
பேர் இல்லை. வீட்டு எண் இல்லை.

"என்னையா சொல்றானுங்க?"
"யாரையும் சொல்லல அக்கா.
இப்படி எழுதினா செல்லாது."
"செல்லாதுன்னா
வீடு உடைக்கிற மிஷின் வராதா?"

மேசைமேல் கிடந்த மாதிரித் தட்டை எடுத்து
அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.
கொய்யா மரத்தில் கட்டினால் வௌவால் அண்டாதாம்.
எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மிஸ் ஓங்குக்கு எழுதியாயிற்று:
நான்கு தெளிவில்லை, திருத்தினால் ஏற்கலாம்.
அதே பேனா
அக்கா கடிதத்தின் ஓரத்துக்கும் போனது.
'எந்த வீ' வரைக்கும் எழுதிவிட்டு நின்றேன்.

கேட்டால் திருத்திவிடுவார்கள்.
ஆபீஸ் கிராணிக்கு ஒரு நிமிஷ வேலை:
குணவதி கணவன் பெயர் பரமானந்தம்,
வரிசை சி, கதவு பதினொன்று.

வெள்ளை மை தேடினேன்.
பாத்திரக் கடையில் இல்லை.