ஐஸ் பாரின் வயிறு

மூன்றரை மணிக்கே
சோனாங்குப்பத்திலிருந்து வந்துவிடுவாள் அஞ்சலாட்சி.
அரை பார் ஐஸுக்கு ஒரு சாக்கு,
இடுப்பில் சுருக்குப்பை, வாயில் ஒரு சந்தேகம்.

"ஓரமெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்குது,
நடு வயிறு மட்டும் ஏன் வெள்ளையா இருக்குது?
பவுடரு கிவுடரு போடுறியா?"

சிப்காட்டை ஒட்டிய ஊர்.
வெள்ளையாய் எதைக் கண்டாலும்
மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார்கள்.

நான் கம்ப்ரஸர் ஆபரேட்டர். ஐடிஐ.
அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியும்.
இது தெரியவில்லை.

மூன்று இரவு
மணிக்கொரு தரம் மூடியைத் தூக்கி
டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மிச்சத்தை
சர்வீஸுக்கு வந்த இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்டேன்.

தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறைகிறது.
உறையும்போது அதற்கொரு பிடிவாதம்,
தன் வரிசையில்
வேறு எவனையும் நிற்க விடாது.
கரைந்திருந்த காற்றை, போர்வெல் உப்பை
நடுவே தள்ளிக்கொண்டே போகும்,
முதுநகர் டவுன் பஸ்ஸில்
உள்ள போ, உள்ள போ என்கிற கண்டக்டர் மாதிரி.
கடைசியில் தள்ள இடமில்லை.
நெரிசலில் நின்றபடியே உறைந்துபோகிறது
காற்று,
பொடிப்பொடிக் குமிழிகளாய்.
ஒவ்வொரு குமிழியும் வெளிச்சத்தைச் சிதறடிக்க
மொத்தமும் வெள்ளை.

பவுடர் இல்லக்கா. காத்து.

நம்பவில்லை.
வெள்ளையில் ஒரு சில் உடைத்து வாயில் போட்டாள்.
கண்ணாடிப் பக்கம் ஒரு சில்.
மறுபடி வெள்ளை.

"லேசா உப்புக் கரிக்குது, ஆமா.
அப்ப நம்மூருத் தண்ணி நடுவுலதான் இருக்குது.
ஓரத்துல இருக்கிறது
எந்த ஊருத் தண்ணியோ."

இதற்கு இன்ஜினியர் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

பாரைச் சுற்றிப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.
இறங்கித்தான்; குளிர்ந்த காற்று கனம்.
அந்தப் புகையும் ஐஸினுடையது அல்ல,
உப்பனாற்றுக் காற்றில் ஏற்கெனவே இருந்த ஈரம்,
குளிர் பட்டதும் கண்ணுக்குத் தெரிகிறது
என்று அதையும் சொன்னேன்,
அவள் கேட்காமலே.

அவள் சாக்கைத் தூக்கவில்லை.
"இரு. உள்ள காத்துன்னு நீயே சொல்ற.
காத்துக்குமா காசு வாங்குறீங்க?"

ஒரு பாரில் காற்று எத்தனை என்று
மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கைப்பிடிகூடத் தேறாது.
பின்னால் நாலு பேர் சாக்கோடு நிற்கிறார்கள்,
விசைப்படகு ஒன்று ஹாரன் அடிக்கிறது,
ஐந்து ரூபாய் குறைத்தேன்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்:
அஞ்சலாட்சி, அரை பார்.
காற்றுக் கழிவு, ரூ. 5.

மரைக்காயர் வெள்ளிக்கிழமை கணக்குப் பார்ப்பார்.