இரக்க மலை

எங்கள் ஊரில் மலையே கிடையாது.
சர்க்கரைக் கிழங்கு வயல், மூடுபனி, மறுபடி வயல்.
ஆனாலும் அடகுக்கடை வாசல் கல்லில்
வெட்டியிருந்தது: இரக்க மலை.
ஏழைக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்க
என்றோ துறவிகள் தொடங்கியது.
மலை என்றால் குவித்த காசு.
நான் அங்கே மதிப்பீட்டாளன், அம்பேலியோ சனிராத்தோ;
குருமடத்தில் இரண்டு வருஷம் லத்தீன் படித்து
பாதியில் வெளியே வந்தவன்.

போ என்றுதான் நதிக்குப் பெயர்.
அந்த நவம்பரில் அது வந்தது.

வடிந்த பிறகு
சலவைக்காரி தெர்னா தொசரெல்லோ
கைவண்டியில் கல்யாண விரிப்புகளைத் தள்ளிவந்தாள்.
தண்ணீர் ஏறிய உயரம்
ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புக் கோடு.
கோட்டை விரலால் தொட்டேன்.
"பாவம்" என்றேன்.
எங்கள் பாஷையிலும் அப்படித்தான்,
செய்த தீமைக்கும் ஐயோவுக்கும்
ஒரே சொல்.

"யார் செய்தது?" என்றாள்.

ஆறு விரிப்பு என்று எழுதினேன்.
"ஏழு. எண்ணு."
எண்ணினேன். ஏழு.
"வாசலில் போட்டிருக்கிறாயே, அது எனக்கு வேண்டாம்.
கடன் கொடு."

அப்பனைச் சேற்றிலிருந்து எடுத்தாயிற்றாம்.
பெட்டிக்குப் பலகை வேண்டும்.
வெள்ளம் இறங்கியும்
மரத்தின் விலை இறங்கவில்லை.

அன்றிரவு லத்தீன் அகராதியைத் திறந்தேன்.
ஈரத்தில் அதன் முதுகும் பிளந்திருந்தது.
அந்தச் சொல் பிறந்தபோது
அதில் கண்ணீரே இல்லை.
பெற்றவருக்கும் தெய்வத்துக்கும்
செய்து தீர்க்கவேண்டிய கடன், அவ்வளவுதான்.
எந்த நூற்றாண்டிலோ அது
குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டது.
ஆங்கிலேயர் அதை இரண்டாய் உடைத்து
ஒரு பாதியைக் கோயிலுக்கும்
மறு பாதியைத் தெருவுக்கும் கொடுத்தார்கள்.
நாங்கள் உடைக்கவில்லை.
வட்டிக்கு விட்டோம்.

வேண்டாம் என்று அவள் தள்ளியதையும்
கொடு என்று கேட்டதையும்
ஒரே பக்கத்தில் படித்துவிட்டு
விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை.

மே மாதம் வந்தாள்.
அசலும் வட்டியும் சில்லறையாய், ஒரு காலுறைக்குள்.
ஏழு விரிப்பையும் ஜன்னலோரம் பிரித்து எண்ணினாள்.
சோடாவில் மூன்று தரம் வெளுத்தாலும்
இந்தக் கோடு போகாது என்றாள், தனக்கே சொல்வதுபோல.
ரசீதை நீட்டியபோது
என் சட்டைக் கையின் கிழிசலைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாவம்" என்றாள்.

எந்தப் பொருளில் என்று நான் கேட்கவில்லை.
அவளுக்குப் பின்னால் வரிசையில்
ஒரு தையல் இயந்திரம்
யாருடைய தோளிலோ காத்திருந்தது.