ஏழு நாற்பது

வாசலுக்கு மூன்று பூட்டு.
கிரில், மரக்கதவு, உள்ளே ஒரு கொண்டி.
ரீலாவ் அடுக்குமாடியில் பதினான்காம் மாடிக்கு
எந்தத் திருடன் ஏறி வரப்போகிறான்,
லிஃப்டே பாதி நாள் வருவதில்லை.
கம்பி வழியாக வருகிறவனுக்கு மட்டும்
இணையக் கம்பெனி இனாமாய்த் தந்த வெள்ளைப் பெட்டி,
கடவுச்சொல்லை வயிற்றிலேயே அச்சடித்து.

ஊரார் கணக்குகளை
வீட்டில் வைத்துத் தணிக்கை செய்கிறவள் நான்.
யாரோ நூறு பேரின் சம்பளப் பட்டியல்
என் மேசையில் படுத்திருக்கும் இரவுகளில்
எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

கொம்தாரில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.
பழைய மேசைக் கணினி போதும் என்றார் ஒருவர்;
அது குடிக்கும் மின்சாரத்தில்
இன்னொரு பிள்ளையை வளர்த்துவிடலாம்.
கியோங் கடையில்தான்
விசிறியில்லாத கறுப்புப் பெட்டி இருந்தது,
உள்ளே நான்கு துளை கார்டு ஒன்று.
'கார்டு ஒரிஜினலா?'
'ஒரிஜினல் லா, அக்கா.'
முந்நூற்று இருபது வெள்ளி.
அடாப்டரை மட்டும்
வேறொரு கூடையில் கிளறி எடுத்துக் கொடுத்தார்.

முதல் இரவு பதிவேட்டைத் திறந்தால்
நிமிடத்துக்கு நாற்பது தட்டல்.
பெயரில்லாத எண்கள், எந்த நாடென்றும் தெரியாது.
எதற்கும் என்மேல் கோபமில்லை;
கோயில் வாசலில் ஒவ்வொரு செருப்பாய்க்
கால் நுழைத்துப் பார்க்கிறவன் மாதிரி,
பொருந்துகிறதா, அவ்வளவுதான்.
பெட்டி ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை.
அன்று தூங்கினேன்.

மறுநாள் மாலை அது செத்துப் பிழைத்தது.
அதற்கடுத்த நாளும்.

சூடு என்று நினைத்தேன். எழுபத்தொரு டிகிரி.
நான்கு புட்டி மூடிமேல் தூக்கி வைத்தேன்.
கேபிளை மாற்றினேன்.
கடற்காற்று ஊசிகளில் பச்சை பூத்திருந்தது,
பழைய பல் துலக்கியால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன்.
நினைவகத்தை இரவு முழுக்கச் சோதித்தேன்,
பிழை: பூஜ்யம்.
யார்மேலும் குற்றமில்லை என்பது
எவ்வளவு எரிச்சலான செய்தி.

கடைசியில் கார்டை உருவி
விளக்கடியில் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
சில்லின் பெயர் விரலோடு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை புதுக் கார்டு போட்டேன்.
பத்து நாள். ஒரு சிமிட்டலும் இல்லை.
கியோங்குக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன்,
மரியாதை கொஞ்சம் குறைவாகவே.

தங்கையின் பிரசவத்துக்காக
சுங்கை பட்டாணி போயிருந்த நேசமலர்,
என் அறைத்தோழி, தாதி,
திங்கள் மாலை திரும்பினாள்.
இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரம்,
அரிசியைக் களைந்து வைத்து
குக்கரை அழுத்தினாள்.

டக்.
பச்சை விளக்குகள் நான்கும் அவிந்தன.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஏழு நாற்பது. ஏழு முப்பத்தெட்டு. ஏழு நாற்பத்தொன்று.
ஒரு ஞாயிறு மட்டும் பகல் பன்னிரண்டே கால்,
அன்று விருந்தாளி, மீன் குழம்பு.
எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தது.
தேதி பார்த்தே சம்பளம் வாங்குகிறவள்
பிழைகளைப் படித்தேன், மணியைப் படிக்கவில்லை.

ஒரே நீட்டிப்புக் கம்பியில் குக்கரும் பெட்டியும்.
உள்ளே பித்தளை கருகித் தளர்ந்திருந்தது.
குக்கர் இழுக்கும் அந்தக் கணத்தில்
கூடையிலிருந்து வந்த கிழ அடாப்டர்
மூச்சு விட்டுவிடுகிறது.
மீட்டரை நேசமலரிடம் காட்டினேன்.
'அப்போ பத்து நாளா
நான் இல்லாததுதான் ஒனக்கு நல்லா இருந்துச்சா?'
என்றாள், மீட்டரைப் பார்க்காமல்.

புது அடாப்டர் நாற்பத்தைந்து வெள்ளி.
குக்கர் இப்போது சுவரில் தனியாக.
ஆனாலும் ஏழு நாற்பதுக்கு
கை கணக்கிலிருந்து நின்றுவிடுகிறது,
அவள் அழுத்துவதைக் கேட்டு,
விளக்கைப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த வரிக்குப் போகிறேன்.

அந்தப் பழைய கார்டைத் தூக்கிப் போடவில்லை,
இழுப்பறையில் கிடக்கிறது.
போலிதான்.
ஆனால் இதை அது செய்யவில்லை.